ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப் எது? காரைக்குடி வண்டிகளுக்கு ஆறு வழிகள்

கதவில் இருப்பது 60 வாட் ஸ்பீக்கர். கடை மேசையில் இரண்டு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) பெட்டிகள். ஒன்றில் ‘2000 வாட்’ என்று தங்க நிறத்தில் பெரிதாக அடித்திருக்கிறது. இன்னொன்று அதைவிடச் சின்னது. ‘4 × 60’ என்று மட்டும் அடக்கமாக எழுதியிருக்கிறது, விலையோ கூடுதல். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வண்டிக்குப் பாட்டு வைக்கப் போகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். பாதிப் பேர் தங்க எழுத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

உண்மையில் ஆம்பைத் தேர்ந்தெடுப்பவை இரண்டு: ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் டைனமோ. அந்த இரண்டும் சொல்வதைக் கேட்ட பிறகு, வாங்குகிறவர் முடிவு செய்ய மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

வாட். பெட்டியில் ‘மேக்ஸ்’, ‘பீக்’ என்று போட்டிருப்பதைப் பார்க்க வேண்டாம். ஆர்.எம்.எஸ். எண் (ஆம்ப் தொடர்ந்து தரும், ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் வாட்) மட்டும்தான் கணக்கு. அதுவும் எத்தனை ஓமில், எத்தனை வோல்ட்டில் என்று சேர்த்து எழுதியிருந்தால்தான். கார் ஆம்பின் வாட்டை அளக்கும் அமெரிக்கத் தரமான ‘சி.இ.ஏ. 2006’ முறைப்படி அளந்தது என்றிருந்தால் 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்குள் சிதைவு என்று பொருள். அந்த எண்ணை நம்பலாம். எதுவும் எழுதவில்லையா? ஆம்பின் பக்கவாட்டில் சொருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் ஆம்பியரை 13.8-ஆல் பெருக்குங்கள், கிளாஸ் டி என்றால் 0.8-ஆலும், கிளாஸ் ஏபி என்றால் 0.55-ஆலும் மறுபடி பெருக்குங்கள் (இரண்டும் ஆம்பின் சர்க்யூட் வகைகள்; டி-யில் சூடாக வீணாவது குறைவு). 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட கிளாஸ் ஏபி ஆம்ப் எல்லாச் சேனலும் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கான தனி வெளியீடும்) சேர்த்து ஏறத்தாழ 228 வாட்தான் தரும். கிளாஸ் டி என்றால் 331. ‘2000 வாட்’ பெட்டியில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் மிச்ச வாட்டெல்லாம் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். எண்ணில் முக்கால் பங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை தரும் ஆம்ப் பொருத்தமானது. 60 வாட் ஸ்பீக்கருக்கு 45 முதல் 90 வரை. மேல்பக்கம் போவதில் தப்பில்லை, கெயினை (கடைசிப் பகுதியில் சொல்கிறோம்) ஒழுங்காக வைப்பீர்கள் என்றால். குறைந்த வாட் ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்று பட்டறையில் சொல்வது பாதி உண்மை. 18 வாட் ஆம்பை முழுக்கக் கிளிப் ஆகும்வரை (அலையின் உச்சி வெட்டுப்படும்வரை) திருகினாலும் ஏறத்தாழ 36 வாட்தான் வெளியே வரும். 60 வாட் ஊஃபர் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) அதற்கெல்லாம் எரியாது. ஆனால் கிளிப் ஆன ஒலியில் கீச்சுப் பகுதி கூடிவிடும். அதனால் முதலில் போவது கீச்சுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர்.

ஓம். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். சந்தேகம் இருந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வையுங்கள், 3.2 முதல் 3.8 வரை காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை பேரலலில் சேர்த்தால் 2 ஓம், சீரிஸில் சேர்த்தால் 8. ஆம்பை பிரிட்ஜ் செய்தால், அதாவது இரண்டு சேனலைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டினால், ஒவ்வொரு சேனலுக்கும் பாதி ஓம்தான் தெரியும். ஆம்ப் எரிந்துபோகிற பல கதைகளுக்கு வேர் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. கீழே விரிவாக வரும்.

சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. இதை யாரும் கேட்பதில்லை. கேட்டால் பாதி ஆம்ப் விற்பனை குறையும். 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு 18 வாட் கொடுப்பதும், 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 45 வாட் கொடுப்பதும் ஒரே சத்தம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு அது ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’, அவ்வளவே. இதிலும் ஒரு தந்திரம் உண்டு. சில கம்பெனிகள் ‘2.83 வோல்ட்டில்’ அளந்து எழுதும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 2 வாட். எனவே அந்த எண்ணில் 3-ஐக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கரண்ட். மொத்த ஆர்.எம்.எஸ். வாட்டை 0.8-ஆல் வகுத்து, பிறகு 13.8-ஆல் வகுத்தால் கிளாஸ் டி ஆம்ப் முழு வேகத்தில் இழுக்கும் ஆம்பியர். பாட்டு ஓடும்போது சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். டைனமோ மீது எழுதியிருக்கும் ஆம்பியர், எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலில் கிட்டத்தட்ட பாதிதான் வரும். அந்தப் பாதியிலிருந்துதான் ஏசி, ஹெட்லைட், எஞ்சின் மின்விசிறி எல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும்.

சூடும் இடமும். சித்திரையில் கோயில் வாசலில் நிறுத்திய வண்டிக்குள் சீட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டிலிருந்துதான் ஆம்ப் வேலையைத் தொடங்குகிறது. 240 வாட் முழுதாகத் தரும்போது கிளாஸ் ஏபி ஏறத்தாழ 200 வாட்டைச் சூடாகக் கக்கும். கிளாஸ் டி 60 வாட்டை. நம் ஊருக்குக் கிளாஸ் டி என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ‘ஏபியில்தான் இனிமை’ என்பது டயர் சத்தத்துக்கு மேலே கேட்காது.

## ஒரு பார்வையில்

| வழி | உண்மையில் கிடைக்கும் வாட் | முழு இழுவை | பேட்டரி ஒயர் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| 1. ஆம்ப் இல்லை, ஸ்டீரியோ மட்டும் | 4 × 15–18 | ஸ்டீரியோ ஃபியூஸுக்குள் | இருப்பதே போதும் | கதவுக்கு டேம்பிங் (அதிர்வை அடக்கும்) ஷீட் |
| 2. 4 சேனல், நாலு கதவுக்கும் | 4 × 60 | 22 ஆம்பியர் | 8 கேஜ் (எண் குறையக் குறைய ஒயர் தடிப்பு) செம்பு | ஒயரிங் கிட், கதவு கழற்றும் கூலி |
| 3. 4 சேனல், பின்சேனல் பிரிட்ஜ் செய்து சப் (சப்வூஃபர், ஆழ்ந்த பேஸுக்கான ஸ்பீக்கர்) | 2 × 60 + 180 | 27 ஆம்பியர் | 8 கேஜ். டிக்கி வரை நீளம் என்றால் 4 | பெட்டி, டிக்கி இடம் |
| 4. 4 சேனல் + மோனோபிளாக் (சப்புக்கான ஒற்றைச் சேனல் ஆம்ப்) | 4 × 60 + 500 | 67 ஆம்பியர் | 4 கேஜ் செம்பு | எர்த் ஒயர் மாற்றம், பேட்டரி ஆயுள் |
| 5. சீட்டுக்கடி ஆக்டிவ் சப் | 100–150 | 10–15 ஆம்பியர் | கிட்டில் வருவது. சரிபார்க்கவும் | கதவு ஸ்பீக்கர் பழையபடியே |
| 6. டி.எஸ்.பி. ஆம்ப் (ஒலியைத் திருத்தும் சிப் உள்ளது) | 4 × 50 அளவில் | 18–20 ஆம்பியர் | 8 கேஜ் | டியூனிங் செய்யத் தெரிந்த ஆள் |

## 1. ஆம்பே வேண்டாம்

ஸ்டீரியோவின் முகப்பில் ‘50 வாட் × 4’ என்றிருக்கும். 14.4 வோல்ட்டில், 4 ஓமில், பிரிட்ஜ் செய்த சிப் ஒன்று இழப்பே இல்லாமல் வேலை செய்தாலும் சுத்தமாகத் தரக்கூடியது 26 வாட்டைத் தாண்டாது. இழப்புகளைக் கழித்தால் 15 முதல் 18. அந்த 50 என்பது அலை சதுரமாகிச் சிதைந்த பிறகு வரும் எண்.

ஆனாலும் 18 வாட்டைக் குறைவாக நினைக்க வேண்டாம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும், கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் போய்வருகிற வண்டி. 91, 92 டெசிபல் கோஆக்சியல் (ட்வீட்டரும் ஒரே சட்டத்தில் உள்ள) ஸ்பீக்கர். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பேச்சுக்கு நடுவே பாட்டு. இந்த நிலையில் ஆம்புக்குச் செலவிடும் பணம் வீண். அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கதவுக்குப் போடுங்கள். கதவுத் தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகளை அடைத்து, வெளித்தகட்டின் உட்பக்கம் டேம்பிங் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் நடுவே கெட்டியான வளையம் வைத்தால் தவிலின் தொப்பிச் சத்தம் முதல் தடவையாகக் கேட்கும். அடைபடாத கதவில் ஸ்பீக்கரின் பின்காற்று முன்காற்றை அழித்துவிடுகிறது. ஆம்பைப் பெரிதாக்கினால் அழிவதும் பெரிதாகும். ஒன்று கவனம்: கதவின் அடியில் உள்ள மழைநீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது, அடைத்தால் தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

88 டெசிபல் காம்பொனன்ட் செட் (ட்வீட்டர் தனியாக வருவது) வாங்கிவிட்டீர்கள் என்றால் இந்த வழி உங்களுக்கில்லை.

## 2. நாலு கதவுக்கும் 4 சேனல்

பின் சீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் குடும்ப வண்டிக்கு இது சரி. திருச்சிச் சாலையில் எண்பதில் போகும்போது டயர் சத்தத்தைத் தாண்டி குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் கதவுக்கு 50, 60 வாட் போதும். ஆம்பில் ஹைபாஸை (வைத்த அளவுக்குக் கீழே உள்ள பேஸை வெட்டும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் சின்ன ஸ்பீக்கர் ஆழ்ந்த பேஸுக்காகத் தத்தளிக்காது, நடுச்சுருதி சுத்தமாகும். நாதஸ்வரம் கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும். ஸ்டீரியோவில் அது சத்தம் கூடக்கூடக் கிழிந்துபோகும், இங்கே கிழியாது.

கூலிதான் இதில் மறைந்திருப்பது. நாலு கதவையும் கழற்றி, கதவுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் இழுக்க வேண்டும். அதற்குச் சோம்பி, ஸ்டீரியோவுக்குப் பின்னால் இருக்கிற பழைய ஸ்பீக்கர் ஒயரிலேயே ஆம்பின் வெளியீட்டைக் கொடுத்துவிடுவார்கள். 60 வாட்டுக்கு அது தாங்கும், பெரிய குற்றமில்லை. ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதுதான் குற்றம். கப்ளர் அடாப்டர் கேளுங்கள். வெட்டிய ஒயரைக் காட்டி உத்தரவாதத்தை மறுக்க சர்வீஸ் சென்டருக்கு ஒரு காரணம் போதும்.

## 3. பின்சேனலை பிரிட்ஜ் செய்து ஒரு சப்

பெரும்பாலானவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். அதே 4 சேனல் ஆம்ப். முன் இரண்டு சேனல் முன் கதவுகளுக்கு. பின் இரண்டையும் பிரிட்ஜ் செய்து டிக்கியில் ஒரு 10 இஞ்ச் சப்புக்கு. பின் கதவு ஸ்பீக்கர்கள் ஸ்டீரியோவிலேயே ஓடட்டும், சத்தத்தைக் குறைத்து. ஒரே ஆம்ப், ஒரே பேட்டரி ஒயர், ஒரே எர்த்.

4 ஓமில் 60, 2 ஓமில் 90 தரும் ஆம்ப், 4 ஓமில் பிரிட்ஜ் செய்தால் 180 தரும். 200 வாட் ஆர்.எம்.எஸ். அளவுள்ள சப்புக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஆனால் அந்த சப் எத்தனை ஓம் என்பதைப் பார்க்காமல் வாங்கினால் கெட்டது கதை.

ஒற்றைக் காயில் (சப்புக்குள் ஒரே கம்பிச் சுருள்), 4 ஓம்: சரி. இரட்டைக் காயில், 2 + 2 ஓம்: சீரிஸில் சேர்த்தால் 4, சரி. இரட்டைக் காயில், 4 + 4 ஓம்: பேரலலில் 2 ஓம், பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலுக்கும் 1 ஓம் தெரியும். ஆம்ப் கொஞ்ச நேரம் பாடும், சூடாகும், சிவப்பு விளக்கு எரியும், நிற்கும். ஆறியதும் மறுபடி பாடும். இப்படி ஒரு மாதம் ஓட்டினால் ஒருநாள் ஆறியும் பாடாது. இந்த சப்பை சீரிஸில் 8 ஓமாக்கி ஓட்டினால் ஆம்ப் பிழைக்கும், ஆனால் கிடைப்பது 120 வாட், மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டு தனித்தனி 4 ஓம் சப்பைப் பேரலலில் சேர்ப்பவர்களுக்கும் இதே கதிதான்.

கல்யாணத்துக்கும் படைப்புக்கும் சென்னையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வருகிறவர்களுக்கு டிக்கி என்பது பெட்டி, பழக்கூடை, பாத்திரம். அங்கே சப் பெட்டி போட்டால் வீட்டில் சண்டைதான். இணைப்பைச் சட்டென்று கழற்றக்கூடிய பிளக் வைத்து, பெட்டியை எடுத்து வைக்கும்படி செய்துகொள்ளுங்கள். கழற்றிய பிளக்கின் முனைகள் ஒன்றோடொன்று படாதபடி மூடி போட வேண்டும்.

## 4. தனி மோனோபிளாக்

பேஸ்தான் உயிர் என்பவர்களுக்கு. 4 ஓமில் 300, 2 ஓமில் 500 தரும் மோனோபிளாக்கை வாங்கி, ஒற்றைக் காயில் 4 ஓம் சப்பைப் போட்டால் 200 வாட்டுக்குக் கொடுத்த காசு சும்மா கிடக்கும். இங்கே 4 + 4 ஓம் இரட்டைக் காயில் சப்தான் சரி. பேரலலில் 2 ஓம். முன் வழியில் ஆம்பைக் கொன்ற அதே சப், இந்த வழியில் சரியான ஜோடி.

இந்த வழியில் செலவு ஆம்போடு நிற்காது. கதவுக்கு 240, சப்புக்கு 500 வாட் என்றால் முழு இழுவை 67 ஆம்பியர். 4 கேஜ் செம்பு என்பது 21 சதுர மில்லிமீட்டர்; ஐந்து மீட்டருக்கு ஏறத்தாழ 4 மில்லிஓம்; 67 ஆம்பியரில் கால் வோல்ட்டுக்குச் சற்று மேல் இழப்பு. பொறுத்துக்கொள்ளலாம். அதே நீளத்தில் 8 கேஜ் போட்டால் ஏறத்தாழ 0.7 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், அடிக்கு அடி ஹெட்லைட் மங்கும்.

மங்கும்போது கடையில் ‘ஒரு ஃபாரட் கப்பாசிட்டர் போடுங்கள்’ என்பார்கள். கணக்குப் பார்ப்போம். 13.8-இலிருந்து 12.8 வோல்ட் வரை இறங்கும்போது ஒரு ஃபாரட் கப்பாசிட்டர் தருவது 13 ஜூல். 600 வாட் இழுக்கும் ஆம்புக்கு அது ஐம்பதில் ஒரு விநாடிக்குத்தான் வரும். அந்தப் பணத்தில் மூன்று ஒயர்களைத் தடிப்பாக்குங்கள்: டைனமோவிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு, எஞ்சினிலிருந்து பாடிக்கு. புது வண்டிகளில் நெகட்டிவ் முனையில் கரண்ட் சென்சார் இருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு நேரே பேட்டரி முனையில் எர்த் கொடுத்தால் சார்ஜிங் கணக்கு தப்பும்; பாடியில் கொடுங்கள்.

‘ஒயர் தடிப்பாக இருக்கிறதே’ என்று ஏமாறவும் கூடாது. செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் அதே தடிப்பில் செம்பின் மூன்றில் இரண்டு பங்குகூடக் கடத்தாது. ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: வெளியே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு.

5 சேனல் ஆம்ப் இந்த வழியின் சுருக்கம்: ஒரே பெட்டியில் கதவும் சப்பும். இடம் மிச்சம், ஒயரும் ஒன்று. ஆனால் ஒரு சேனல் போனால் ஐந்தையும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

## 5. சீட்டுக்கடி ஆக்டிவ் சப்

டிக்கியை விட்டுக்கொடுக்க முடியாதவர்களுக்கு. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே தட்டையான பெட்டியில் இருப்பதால் பொருத்தம் பார்க்கும் வேலையே இல்லை. 8 இஞ்ச், ஆழமில்லாத பெட்டி. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள். வாங்குமுன் சீட்டை முன்னும் பின்னும் முழுக்கத் தள்ளி, உயரத்தை அளந்து, சீட்டுக்கடியில் ஏசி வரும் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டில் வரும் ஒயர் பல சமயம் நூல்போல இருக்கும். காலில் மணலோடு ஏறுகிற ஊர் இது. பெட்டியின் வலையை மாதம் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

## 6. டி.எஸ்.பி. ஆம்ப்

கம்பெனித் திரையைக் கழற்ற முடியாத புது வண்டிகளுக்கு. கேமரா, ஏசி, ஸ்டீரிங் பட்டன் எல்லாம் அந்தத் திரையோடு பின்னியிருக்கும். கம்பெனி ஸ்டீரியோக்கள் பல, சத்தத்தைக் கூட்டக் கூட்ட பேஸைத் தாமே குறைத்துக்கொள்ளும், மலிவான கதவு ஸ்பீக்கரைக் காப்பாற்ற. அந்த ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சாதாரண ஆம்புக்கு ஒலி எடுத்தால் குறைந்த பேஸையே பெரிதாக்கித் தரும். டி.எஸ்.பி. ஆம்ப் உள்ளே வரும் ஒலியைத் திருத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித் தாமதம் வைத்து, ஓட்டுநரின் காதுக்கு எல்லாம் ஒன்றாக வந்து சேரும்படி செய்யும். அதை மைக் வைத்து அளந்து டியூன் செய்யத் தெரிந்தவர் அருகில் இருந்தால் இந்த வழியை எடுங்கள். இல்லையென்றால் விலையுயர்ந்த 4 சேனல் ஆம்பாகவே அது ஓடிக்கொண்டிருக்கும்.

## வேன், பஸ், பாதயாத்திரை வண்டி

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டத்தோடு பாட்டு வண்டிகளும் போகும். நடை வேகத்தில், ஐடிலில், மணிக்கணக்காக. இந்த வேலைக்கு மேலே சொன்ன கார்க் கணக்கு அப்படியே பொருந்தாது.

முதலில் வோல்ட். பெரிய பஸ்ஸும் லாரியும் 24 வோல்ட். இரண்டு பேட்டரி சீரிஸில் இருக்க, ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஆம்புக்குக் கொடுப்பது வழக்கமான தப்பு. அந்தப் பேட்டரி எப்போதும் குறைவாகவும், மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி, இரண்டும் சேர்ந்து போகும். 24-இலிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும், அதுவும் ஆம்பின் முழு இழுவைக்கு. 300 வாட் ஆம்புக்கு 30 ஆம்பியர் தொடர்ந்து தரக்கூடியது. ஸ்டீரியோவுக்கென்று விற்கும் 10 ஆம்பியர் டப்பா அரை மணிநேரம் தாங்காது. வேனில் இரண்டு பேட்டரி கண்ணில் பட்டாலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பேரலலில் இருந்தால் 12-தான்.

இரண்டாவது, கூரைமேல் கட்டும் குழாய் ஸ்பீக்கர். ரேடியோ செட்காரர்களின் குழாய்களில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த 100 வோல்ட் லைன் வகையும் உண்டு. அதை கார் ஆம்பில் கோத்தால் சத்தம் மிகக் குறைவாகத்தான் வரும். 8 அல்லது 16 ஓம் யூனிட் என்றால் ஓடும், ஆனால் பேஸ் போனால் உள்ளே உள்ள மெல்லிய தகடு கிழியும். ஹைபாஸை ஆம்பில் எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு ஏற்றுங்கள்; 300 ஹெர்ட்ஸாவது வேண்டும். அந்த வசதி இல்லாத ஆம்பை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். உள்ளபடியே, குழாய்க்கென்று செய்த 12 வோல்ட் பி.ஏ. (பொது அறிவிப்பு) ஆம்ப் இங்கே எந்தக் கார் ஆம்பையும்விட நல்லது: மைக் இருக்கும், 16 ஓம் வெளியீடு இருக்கும், பேஸை அதுவே வெட்டிவிடும். பொது இடத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. கூட்டம் இரவில் நடந்தாலும் பாட்டு நிற்க வேண்டும்.

எஞ்சின் அணைத்துப் பாட்டுப் போடுவதாக இருந்தால்: 35 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து சராசரி 10 ஆம்பியர் எடுத்தால் ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் போகாதீர்கள். பிள்ளையார்பட்டி வாசலில் வண்டியைத் தள்ள நாலு பேர் கிடைப்பார்கள், ஆட்டோமேட்டிக் கியர் என்றால் தள்ளியும் பயனில்லை.

## பூட்டிக் கிடக்கும் வண்டி

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இது. பெரிய வீட்டு முற்றத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கார், உரிமையாளர் வெளியூரில். ஆம்பின் ரிமோட் ஒயரை (ஸ்டீரியோவோடு சேர்ந்து ஆம்பை எழுப்பும் மெல்லிய ஒயர்) எப்போதும் 12 வோல்ட் இருக்கும் இடத்தில் கொடுத்துவிட்டால் சாவி எடுத்த பிறகும் ஆம்ப் விழித்திருக்கும். சில நாளில் பேட்டரி காலி. ரிமோட் சரியாக இருந்தாலும் மொத்தக் கசிவு 50 மில்லிஆம்பியர் என்றால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, பதினைந்து நாளில் 35-இல் பாதி. ஆம்புக்குப் போகும் ஃபியூஸ் எளிதாகக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், ஊருக்குக் கிளம்பும்போது எடுத்துவிடலாம். மின்வேதியியலுக்கென்று 1953-இலிருந்து மத்திய ஆய்வகமே நடக்கிற காரைக்குடியில் பேட்டரியைப் பட்டினி போடுவது கொஞ்சம் வெட்கம்தான். எலிக்கு ஒயர் உறை பிடிக்கும். பேட்டரியிலிருந்து ஆம்ப் வரை நெளிகுழாய்க்குள் இழுக்கச் சொல்லுங்கள்.

## எதை வாங்கினாலும் கடைசியில் கெயின்

கெயின் திருகாணி சத்தம் கூட்டுவதற்கில்லை. ஸ்டீரியோ தரும் வோல்ட்டை ஆம்போடு பொருத்துவதற்கு. ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றுங்கள். ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள் எல்லாம் நடுவில், பேஸ் பூஸ்ட், ஃபில்டர் அணைப்பு, வால்யூம் முக்கால். முழு அளவு சைன் ஒலியைப் போடுங்கள்: கதவுச் சேனலுக்கு 400 ஹெர்ட்ஸ், சப்புக்கு 50. விலை குறைந்த மல்டிமீட்டர்கள் 400-க்கு மேல் தப்புக் காட்டும், அதனால்தான் 1000 வேண்டாம் என்பது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த எண் வரும்வரை கெயினை மெல்லத் திருகுங்கள். 4 ஓமில் 60 வாட்டுக்கு 15.5 வோல்ட், பிரிட்ஜில் 4 ஓம், 180 வாட்டுக்கு 26.8, 2 ஓமில் 500 வாட்டுக்கு 31.6. பிறகு ஃபில்டரைத் திரும்பப் போட்டு ஸ்பீக்கரை மாட்டுங்கள். கதவுக்கு 80-க்கு மேல், சப்புக்கு 80-க்குக் கீழ்.

ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீச்சுச் சத்தம் வந்தால் ஆர்.சி.ஏ. கேபிள் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு ஒலி கொண்டுபோவது) பவர் ஒயரோடு ஒரே பக்கமாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் போக வேண்டும். இல்லையென்றால் எர்த். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில், அரை மீட்டருக்குள், பவர் ஒயரின் அதே தடிப்பில் கொடுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கட்டுகிறவர்களைத் தடுங்கள்.

பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் மெயின் ஃபியூஸ். அது ஒயரைக் காக்க: 8 கேஜுக்கு 50 ஆம்பியர், 4 கேஜுக்கு 100. வேலை முடிந்து பணம் கொடுக்குமுன் அரை மணிநேரம் நன்றாகச் சத்தம் வைத்து ஓட்டிவிட்டு, பானெட்டைத் திறந்து ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் பக்கச் சூட்டைவிட அது தனியாகச் சுட்டால் முனை சரியாக இறுக்கவில்லை. அப்போதே கழற்றி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.